ஓய்வுக்குப் பிறகு சென்னையில் வீடு வாங்கிக் குடியேறலாமா, வெள்ளவத்தையிலேயே இருந்துவிடலாமா?

அலைக்கரை (வெள்ளவத்தை, கொழும்பு)

எல்லோருக்கும் வணக்கம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு தொடர்மாடியில், மூன்றாம் மாடியில் நானும் மனைவியும் இருக்கிறோம். எனக்கு 63 வயது. தனியார் நிறுவனமொன்றின் கணக்குப் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவன். ஊழியர் சேமலாப நிதிக் காசு நிலையான வைப்பில் கிடக்கிறது. மனைவி அரசாங்கப் பாடசாலையில் படிப்பித்தவர், மாதாமாதம் ஓய்வூதியம் வருகிறது. மகள் ரொறன்ரோவில், மகன் மெல்பேர்னில்.

மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், எழுபதுகளின் கடைசியில் சென்னைக்குப் படிக்கப் போனவர். அங்கேயே கல்யாணம், வேலை, இப்போது இந்தியக் குடியுரிமையும் இருக்கிறது. வளசரவாக்கத்தில் அவர் இருக்கும் கட்டிடத்திலேயே இரண்டு அறை பிளாட் ஒன்று விலைக்கு வருகிறதாம். "வெள்ளவத்தை வீட்டை விற்றுப்போட்டு வாருங்கள். மிச்சக் காசும் கையில் நிற்கும். பதிவு என் பெயரில் இருக்கட்டும், வீடு உங்களுடையது" என்கிறார்.

யோசனைக்குக் காரணம் 2022 தான். 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டபோது, என் வாழ்நாள் சேமிப்பின் பெறுமதி என்ன ஆனது என்று கணக்குப் பார்த்தவன் நான். காஸ் வரிசை, மின்வெட்டு, லிஃப்ட் நின்றுபோன மூன்று மாடி எல்லாம் இன்னும் மறக்கவில்லை. அங்கே போனால் மொழிப் பிரச்சினை இல்லை, வைத்தியம் கிட்ட, விமானத்தில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை.

ஆனாலும் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. யாராவது இதைச் செய்திருக்கிறீர்களா?

சும்மா_ஒருவன்

மச்சான் பெயரில் வீடு, உங்கள் பெயரில் காசு. மச்சானுக்குப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று முதலில் சொல்லுங்கள்.

புதுக்கடை

அண்ணை, நான் நொத்தாரிசுக் கந்தோரில், அதாவது காணி, வீட்டு உறுதிப் பத்திரம் எழுதும் சட்டத்தரணியிடம், வேலை செய்கிறேன். இந்தியச் சட்டம் என் தொழில் இல்லை, ஆனால் இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் அதிகம் என்பதால் தேடிப் படித்து வைத்திருக்கிறேன்.

முதல் விஷயம்: இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இந்தியாவில் வீடோ காணியோ வாங்க முடியாது. அங்குள்ள ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி வேண்டும். 2019 இல் வந்த அந்நியச் செலாவணி விதிகளில் சில நாடுகளின் பெயரையே எழுதியிருக்கிறார்கள். பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான், சீனா, ஈரான், நேபாளம், பூட்டான் என்று போகும் அந்த வரிசையில் இலங்கையும் இருக்கிறது. மற்ற வெளிநாட்டவர் வேலைக்கென்று வந்து அங்கே வசிப்பவராக மாறினால் வாங்கலாம். எங்களுக்கு அந்த வழியும் இல்லை, அங்கே வசித்தாலும் இதே தடைதான்.

அனுமதி கேட்காமல் செய்யக்கூடியது ஒன்றுதான்: 5 ஆண்டுக்கு மேற்படாத குத்தகை. வாடகைக்கு இருக்கலாம் என்று சொல்வதும் அதுவே.

மகள் பெயரில் வாங்கலாமே என்று கேட்பீர்கள். அவர் கனடியக் குடியுரிமை எடுத்திருந்தாலும், இந்திய வம்சாவளி இல்லாமல், இந்தியாவில் வசிக்காமல் இருந்தால் அவருக்கும் முடியாது.

அலைக்கரை

தம்பி, இதை இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. மச்சானும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துதான் "என் பெயரில் இருக்கட்டும்" என்றாரா, இல்லை வசதிக்காகச் சொன்னாரா என்று இப்போது தலைக்குள் ஓடுகிறது. நல்ல மனிதர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

சும்மா ஒருவனுக்கு: இரண்டு மகன்கள், இரண்டு பேரும் பெங்களூரில்.

பம்பலப்பிட்டிக்காரன்

சட்டம் பேசினால் இந்த உலகத்தில் ஒன்றும் நடக்காது. சென்னையிலும் திருச்சியிலும் எங்கள் ஆட்கள் எத்தனை பேர் சொந்தக்காரர் பெயரில் வீடு வாங்கி இருபது, முப்பது வருடமாக இருக்கிறார்கள்? வளசரவாக்கம், போரூர், கே.கே. நகர் பக்கம் போய்ப் பாருங்கள். ஒருவரையும் யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. குடும்பத்துக்குள் நம்பிக்கை இருந்தால் போதும். உறவுக்குள் ஒரு ஒப்பந்தம் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

புதுக்கடை

அந்த ஒப்பந்தம்தான் ஆபத்து. "காசு அவருடையது, பெயர் மட்டும் என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்து வைத்தால், பினாமி என்பதற்கு நீங்களே சாட்சி எழுதிக் கொடுத்த மாதிரி.

இந்தியாவின் பினாமிச் சட்டம் 1988 இல் வந்தது. நெடுங்காலம் பல்லில்லாமல் கிடந்தது, 2016 இல் திருத்தி இறுக்கினார்கள். இப்போது சொத்தை அரசாங்கம் பறிமுதல் செய்யலாம். ஓராண்டு முதல் ஏழாண்டு வரை கடூழியச் சிறை. அதன்மேல் சந்தை மதிப்பில் 25 வீதம் வரை தண்டம். மனைவி, பிள்ளைகள் பெயரில் கணக்குக் காட்டிய காசில் வாங்குவதற்கு விலக்கு உண்டு. சகோதரன் பெயர் என்றால், காசு போட்டவரின் பெயரும் உறுதியில் கூட்டு உரிமையாளராக இருக்க வேண்டும். அலைக்கரை அண்ணையோ அக்காவோ கூட்டு உரிமையாளராக வர முடியாது, அதைத்தான் மற்றச் சட்டம் தடுக்கிறது. ஆக விலக்குக்குள்ளும் நுழைய முடியாது.

காசை மச்சானுக்கு அன்பளிப்பாகக் கொடுத்து அவர் வாங்கினால் குற்றம் இல்லை. ஆனால் அப்போது வீடு உண்மையிலேயே மச்சானுடையது. அவருக்குப் பிறகு பெங்களூர் மகன்களுடையது. நம்பிக்கை மச்சான் மேல் இருந்தால் மட்டும் போதாது, இன்னும் கல்யாணம் ஆகாத மருமகள் மேலும் இருக்க வேண்டும்.

கீரிமலையான்

பம்பலப்பிட்டிக்காரன் அண்ணைக்கு ஒன்று. யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை என்பது சரி. பொலிஸ் வரத் தேவையில்லாமலே வீடு போகும். என் பெரியப்பா திருச்சியில் ஒருவர் பெயரில் வாங்கினார். பெயர் கொடுத்தவர் இருக்கும்வரை தங்கமான மனிதர். அவர் காலமானதும் பிள்ளைகள் வீட்டை விற்க வேண்டும் என்றார்கள். அவர்கள் வில்லன்கள் இல்லை, அப்பாவின் பெயரில் ஒரு வீடு, அவர்களுக்கும் கடன். பெரியப்பா யாரிடம் போய்ச் சொல்வார்? நீதிமன்றத்துக்குப் போனால் தானே மாட்டுவார். பெட்டியைக் கட்டிக்கொண்டு மானிப்பாய்க்கு வந்தார்.

சும்மா_ஒருவன்

நான் இரண்டாவது பதிவிலேயே கேட்டேன்.

வாசுகி_தெஹிவளை

நான் திருச்சியில் வாடகைக்கு இருந்துவிட்டு வந்தவள். கணவர் இருக்கும்போது போனோம், அவர் காலமான பிறகும் கொஞ்சக் காலம் தனியே இருந்தேன், இப்போது தெஹிவளையில் தங்கையின் வீட்டுக்கு மேல்மாடி. அதனால் இரண்டு பக்கமும் சொல்ல முடியும்.

நல்லதை முதலில் சொல்கிறேன். காலையில் வாசலில் கீரை வரும், பூ வரும். கடையில், பஸ்ஸில், வங்கியில், ஆஸ்பத்திரியில் எல்லா இடத்திலும் என் மொழியில் பேசலாம். கொழும்பில் ஐம்பது வருடம் இருந்தவளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. இங்கே ஒரு பொலிஸ் நிலையத்துக்கோ கச்சேரிக்கோ (அரசாங்க அலுவலகம்) போகும்போது வயிற்றுக்குள் ஒன்று இறுகும், அங்கே அது இல்லை. மார்கழியில் கோவில், கச்சேரி (இது பாட்டுக் கச்சேரி). அவருக்கு இருதய சத்திரசிகிச்சை அங்கேதான் நடந்தது, நன்றாகப் பார்த்தார்கள்.

இனி மற்றது. அங்கே நாங்கள் வெளிநாட்டவர். தமிழ் பேசும் வெளிநாட்டவர். இந்தியாவில் ஓய்வுகால விசா என்று ஒன்று இல்லை. நாங்கள் போனது சுற்றுலா விசாவில், காலம் முடியமுன் திரும்பி வந்து மறுபடி போக வேண்டும். வயது போகப் போக அந்தப் பயணம் பெரிய வேலையாகிவிடும். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அதை அரசாங்கத்துக்கு அறிவித்துப் பதிய வேண்டும், நாங்கள் இருந்தபோது அதற்கு "சி" படிவம் என்று பெயர். நாங்கள் வீடு தேடியபோது, "சிலோனா? ஸ்டேஷனில் சொல்லணுமே" என்று பாதிப் பேர் கதவை மெதுவாகச் சாத்தினார்கள். மரியாதையாகத்தான் சாத்தினார்கள். சிம் அட்டை, காஸ் இணைப்பு, வங்கிக் கணக்கு எதுவென்றாலும் "ஆதார் இருக்கா மா?"

வைத்தியம் கிட்ட என்கிறீர்கள். கிட்டத்தான், காசுக்கு. இங்கே இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு நொந்தால் களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வரிசை இருக்கும், கட்டில் கிடைக்காமலும் போகலாம், ஆனால் யாரும் முற்பணம் கேட்க மாட்டார்கள். அங்கே தனியார் ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது முற்பணம். அறுபது தாண்டிய வெளிநாட்டவருக்கு நல்ல மருத்துவக் காப்புறுதி எடுப்பது மிகவும் கஷ்டம். நாங்கள் எல்லாம் கைக்காசில்தான் செய்தோம், சேமிப்பில் பெரிய துண்டு அதிலேயே போனது.

அவர் போன பிறகு ஒன்று விளங்கியது. எங்களுக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் அவருக்குத் தெரிந்தவர்கள். எனக்கென்று அங்கே யாரும் இல்லை. அண்ணா, உங்கள் விஷயத்தில் இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். அங்கே இருப்பது உங்கள் மனைவியின் அண்ணன். அக்காவுக்கு ஏதாவது ஆகி நீங்கள் மட்டும் மிஞ்சினால் வளசரவாக்கத்தில் என்ன செய்வீர்கள்?

வாடகை வீடு என்பதால் நான் ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத் திரும்ப முடிந்தது.

மலைமகன் (கொட்டாஞ்சேனை)

இலங்கைக் கடவுச்சீட்டு எல்லாம் ஒன்றுதான் என்று புதுக்கடை தம்பி எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம். வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை, ஓ.சி.ஐ. என்பார்கள், அது கையில் இருந்தால் அந்த நாட்டு வரிசைத் தடை பொருந்தாது. வீடு, பிளாட் வாங்கலாம். விவசாயக் காணி, தோட்டம், பண்ணைவீடு மட்டும் வாங்க முடியாது. விசாவும் வாழ்நாள் முழுவதும்.

யாருக்குக் கிடைக்கும் என்றால், 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடிமகனாக வரத் தகுதி இருந்தவரின் பிள்ளை, பேரப்பிள்ளை, பூட்டப்பிள்ளை வரை. தோட்ட வேலைக்கு இந்தியாவில் இருந்து வந்தவர்களின் வழிவந்த எங்கள் மலையக ஆட்களில் நிறையப் பேருக்கு இந்தத் தகுதி இருக்கிறது. 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் தாத்தாமாரை நாடற்றவர் ஆக்கியது. 1964 இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் எங்களைக் கேட்காமலே 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். அந்தத் துயரத்தில் உருவான காகிதங்கள் இப்போது ஒரு பயனுக்கு வருகின்றன என்பது வேடிக்கைதான். என் தாத்தா துறையூர்ப் பக்கத்துக்காரர். ஊர்க் கோவில் கணக்கில் பெயர் இருக்கிறது, ஆனால் கோவில் கணக்கு போதாது. பிறப்புப் பதிவு, பழைய இந்தியக் கடவுச்சீட்டு, பாடசாலைச் சான்று என்று அரசாங்க முத்திரை உள்ளது ஏதாவது வேண்டும். அதோடு தாத்தா, அப்பா, நான் என்று ஒவ்வொரு கண்ணிக்கும் பிறப்புச் சான்றிதழ். தோட்டத்தில் ஆங்கில எழுத்தர் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் பெயரை எழுதி வைத்திருப்பார். அதைச் சரிக்கட்டவே என் காலம் போகிறது.

அலைக்கரை ஐயா யாழ்ப்பாணத்து ஆள் என்று நினைக்கிறேன், தலைமுறை தலைமுறையாக இங்கேயே என்றால் இது உதவாது. ஆனால் ஒன்று: மனைவியின் பக்கத்தில் யாராவது பாட்டன், பூட்டன் அந்தப் பக்கத்தில் இருந்து வந்தவர்களா? ஓ.சி.ஐ. வைத்திருப்பவரின் கணவனோ மனைவியோ கல்யாணப் பதிவு நடந்து இரண்டு வருடம் ஆகியிருந்தால் விண்ணப்பிக்கலாம்.

அலைக்கரை

நாங்கள் இரண்டு பேரும் வடமராட்சி. ஏழு தலைமுறைக்கு முந்திய பூட்டன் யார் என்று கேட்டாலும் வல்லிபுரக் கோவில் வீதியைத்தான் காட்டுவோம். ஓ.சி.ஐ. கதை எங்களுக்கு இல்லை. ஆனால் எழுதியதற்கு நன்றி, வாசிக்கிற யாருக்காவது உதவும்.

வாசுகி அக்கா, உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

மரைன்டிரைவ்

இந்தியாதான் என்று ஏன் முடிவு கட்ட வேண்டும்? மலேசியா பார்க்கலாமே. பிரிக்ஃபீல்ட்ஸ், ஈப்போ, பினாங்கு எல்லாம் எங்கள் பாட்டன்மார் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் உழைத்த இடங்கள். வெளிநாட்டவர் சொந்தப் பெயரிலேயே வீடு வாங்கலாம், சட்டப்படி.

நான் விசாரித்தேன். "மலேசியா என் இரண்டாவது வீடு" என்று ஒரு திட்டம். 2021 இல் இறுக்கினார்கள், 2024 இல் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று தட்டாகப் பிரித்தார்கள். அடித்தட்டான வெள்ளிக்கே 1,50,000 அமெரிக்க டொலர் நிலையான வைப்பு, அதோடு குறைந்தது 6,00,000 ரிங்கிட்டுக்கு வீடு வாங்க வேண்டும், அதைப் பத்து வருடம் விற்கக் கூடாது. விசா 5 வருடம், பிறகு புதுப்பிக்க வேண்டும். வைப்பில் பாதி வரை வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் எடுக்கலாம். தங்கத்துக்கு 5,00,000 டொலர், பிளாட்டினத்துக்குப் பத்து லட்சம் டொலர். அது எங்கள் பேச்சுக்குரியது இல்லை.

ஜொகூரில் ஃபாரஸ்ட் சிட்டி என்ற இடத்துக்கு மட்டும் 50 வயது தாண்டியவருக்கு 32,000 டொலர் வைப்புப் போதும். ஏன் அவ்வளவு மலிவு என்று இணையத்தில் படம் தேடிப் பாருங்கள். மாடி மேல் மாடியாக இருட்டு ஜன்னல்கள். 63 வயதில் அங்கே போய் யாரோடு பேசுவது?

சும்மா_ஒருவன்

பேய்களோடு. தமிழ்ப் பேய் இருக்கிறதா என்று விசாரித்தீர்களா?

ஸ்காபரோ_மகள்

பிள்ளைகள் பக்கம் இருந்து ஒரு குரல். நான் கனடாவில், என் அப்பா அம்மா கொழும்பில். உங்கள் மகளும் இதையேதான் யோசித்துக்கொண்டிருப்பார்.

இங்கே பெற்றோருக்கு சூப்பர் விசா உண்டு. ஒரு தடவை வந்தால் 5 வருடம் வரை நிற்கலாம். குறைந்தது 1,00,000 கனேடிய டொலருக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும், பிள்ளையின் வருமானம் குறித்த அளவுக்கு மேல் இருக்க வேண்டும். வீடு வாங்கும் கதை இங்கேயும் இல்லை. குடிமக்களோ நிரந்தர வதிவாளரோ அல்லாதவர்கள் நகரப் பகுதிகளில் குடியிருப்பு வீடு வாங்க 2027 ஜனவரி வரை தடை. அவுஸ்திரேலியாவிலும் 2025 ஏப்ரலில் இருந்து இரண்டு வருடத்துக்கு, ஏற்கெனவே கட்டி முடிந்த வீடுகளை வெளிநாட்டவர் வாங்க முடியாது என்று என் தம்பி சொன்னான்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. என் அப்பா அம்மா வந்து நின்றார்கள். மாசியில் ஒரு கிழமை முழுக்க வெளியே போகவில்லை. நான் காலையில் போய் மாலையில் வருவேன். "வீடு பெரிசு, நாங்கள் சின்னனாகிவிட்டோம்" என்று அம்மா சொன்னா. வெள்ளவத்தையில் அப்பா காலையில் பேப்பர் வாங்கப் போய் பத்துப் பேரோடு பேசிவிட்டு வருவார். நான் அவர்களைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன், நானே போகிறேன். வெள்ளவத்தை வீட்டை விற்கும் முன் பிள்ளைகளிடம் நேரே கேளுங்கள் ஐயா. எங்களுக்கு அந்த வீடு வேண்டாம் என்று வெளியே சொல்வோம். நாங்கள் வந்து இறங்குகிற இடமும் அதுதான்.

லூயிஷம்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் லண்டனில், உங்களுக்கு எதிர்ப்பக்கமாக வர நினைப்பவன். பிரித்தானியக் கடவுச்சீட்டு மட்டும். வெள்ளவத்தையில் பிளாட் வாங்க முடியுமா? அலைக்கரை அண்ணை விற்கிறாரா?

புதுக்கடை

அண்ணை, 2014 இன் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணி எழுத முடியாது. தொடர்மாடி வீடு என்றால், முழுப் பணமும் வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியே முன்கூட்டியே வந்தால் வாங்கலாம். இரட்டைக் குடியுரிமை எடுத்துவிட்டால் இந்தத் தடை ஒன்றும் இல்லை, முதலில் அதைச் செய்யுங்கள்.

வெள்ளவத்தையில் வாங்கும் எவரும் கூட்டாதனத் திட்டம் (ஒவ்வொரு பிளாட்டையும் தனி உரிமையாகக் காட்டும் வரைபடம்) பதியப்பட்டிருக்கிறதா, மாநகர சபையின் இணக்கச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம். கட்டி முடித்துப் பத்து வருடமாகியும் உறுதி இல்லாமல் ஆட்கள் குடியிருக்கும் கட்டிடங்கள் இருக்கின்றன. இதற்குத் தனி இழை ஆரம்பிப்பது நல்லது.

பம்பலப்பிட்டிக்காரன்

சரி, பெயர் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன் என்றே வைப்போம். வாடகைக்கே போகட்டும். கொழும்பு வீட்டை விற்ற காசை அங்கே அனுப்பி வைப்பில் போட்டால் வட்டியில் வாழலாம்தானே? உண்டியல் (வங்கி வழியே போகாமல் ஆள் மூலம் காசு அனுப்புவது) இருக்கவே இருக்கிறது.

கணக்குப்பிள்ளை

உண்டியலில் போன காசுக்கு அங்கே பிறப்புச் சான்றிதழ் இல்லை. வங்கியில் போட்டாலே "எங்கிருந்து வந்தது?" என்று கேட்பார்கள். திரும்பக் கொண்டுவரவும் முடியாது.

நேர்வழியிலும் லேசு இல்லை. இலங்கையில் வசிப்பவர் மூலதனக் காசை வெளியே கொண்டுபோவது 2017 இன் 12 ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ் கட்டுப்பட்டது. வேறு நாட்டில் நிரந்தர வதிவுரிமையோ குடியுரிமையோ எடுத்துக் குடிபெயர்பவருக்கு ஒரு ஒதுக்கீடு உண்டு, வரம்புடன். 2020 ஏப்ரலில் இருந்து இந்த வரம்புகளை அரசாங்கம் கட்டளை போட்டு மாற்றிக்கொண்டே இருக்கிறது. அதனால் போகிற அன்று வங்கியில் என்ன விதி என்று கேட்க வேண்டும். சுற்றுலா விசாவில் சென்னையில் இருப்பவர் குடிபெயர்ந்தவர் கணக்கில் வரவே மாட்டார்.

ஆக விற்றால் ரூபாய் இங்கேயே கிடக்கும். எந்த ரூபாய்க்குப் பயந்து போகிறாரோ அதே ரூபாய். வீடாக இருக்கும்போதாவது பணவீக்கத்தோடு விலையும் ஏறியது. 2022 இல் அடிவாங்கியது வைப்பில் இருந்த காசு, சுவரும் தரையும் இல்லை. பிள்ளைகள் வெளியே இருந்து நேரே சென்னை வாடகையைக் கட்டினால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

வரியையும் பாருங்கள். இந்திய நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அதில் 182 நாள் அங்கே நின்றால் வரிக்கு வசிப்பவர். முதல் சில வருடம் "சாதாரண வசிப்பவர் அல்லாதவர்" என்ற வகையில் வெளிநாட்டு வருமானத்துக்குப் பெரும்பாலும் விலக்கு, அதன்பிறகு இங்குள்ள வாடகை, வட்டி எல்லாம் அங்கே காட்ட வேண்டும். இரட்டை வரித் தவிர்ப்பு உடன்படிக்கை இரண்டு நாட்டுக்கும் இடையில் இருக்கிறது, இரண்டு தடவை கட்டத் தேவையில்லை, ஆனால் கணக்காளருக்கு வேலை இருக்கும். அக்காவின் ஓய்வூதியத்துக்கு வருடா வருடம் உயிர்வாழ் சான்று. அதைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளலாம்.

அலைக்கரை

இது அலைக்கரையின் மனைவி எழுதுவது. அவர் சந்தைக்குப் போயிருக்கிறார், கணினி திறந்து கிடந்தது, எல்லாவற்றையும் வாசித்தேன்.

அண்ணா எங்களை ஏமாற்ற நினைக்கவில்லை. அவருக்கு 70 ஆகப் போகிறது, அண்ணியும் போய்விட்டா, மகன்மார் வருடத்தில் இரண்டு தடவை வருகிறார்கள். தங்கச்சி பக்கத்தில் இருந்தால் நல்லது என்று நினைக்கிறார். நானும் அதையேதான் நினைக்கிறேன். 83 ஆடிக் கலவரத்தில் எங்கள் வீடு எரிந்தபோது நான் அண்ணாவிடம்தான் போனேன், ஒரு வருடம் அவரோடு இருந்தேன். அதற்குப் பிறகு சேர்ந்து இருக்கவே இல்லை.

வீடு வாங்க வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. சொந்தவீடு இல்லாமல் இருக்கப் பயப்படுவது இவர். ஏன் என்றும் எனக்குத் தெரியும், அவர்களுடைய வீடும் எரிந்தது. ஆனால் அண்ணாவோடு கொஞ்சக் காலம் இருக்க எனக்கு உறுதி எதற்கு? வாசுகி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். இவர் தனியே மிஞ்சினால் வெள்ளவத்தைதான், அதில் பேச்சில்லை. நான் மிஞ்சினால் அப்போது நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாசுகி_தெஹிவளை

அக்கா, உங்கள் தொலைபேசி இலக்கத்தைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். திருச்சியிலும் சென்னையிலும் எந்த வீட்டுக்காரர் "சி" படிவத்துக்குப் பயப்படாதவர் என்று எனக்கு ஒரு பட்டியல் இருக்கிறது. வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கம் மட்டும் போக வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தண்ணீர் எதுவரை நின்றது என்று அங்கே சுவரே சொல்லும். எந்த இடம் என்றாலும் முதல் மாடிக்குக் கீழே எடுக்காதீர்கள்.

பம்பலப்பிட்டிக்காரன்

கோயம்புத்தூரில் முதியோருக்கென்றே குடியிருப்புகள் இருக்கின்றன. சாப்பாடு, தாதி, துப்புரவு எல்லாம் சேர்த்து மாதக் கட்டணம், வாடகை முறையிலும் தருகிறார்கள். அதையும் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். நான் பெயர் விஷயத்தில் தோற்றாலும் யோசனை சொல்வதை நிறுத்த மாட்டேன்.

அலைக்கரை

இப்போது நான். மேலே இருப்பதை வாசித்தேன், பிறகு வீட்டில் பேசினோம்.

மச்சானுக்கு நேற்று இரவு எடுத்துச் சொன்னேன். பிளாட் வேண்டாம், காரணம் இது என்றேன். பினாமிச் சட்டம் பற்றி அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. "அப்படியென்றால் என் வீட்டில் ஒரு அறை சும்மாதானே கிடக்கிறது" என்றார். அது வேண்டாம், ஒரே கட்டிடத்தில் அல்லது பக்கத்துத் தெருவில் வாடகைக்கு எடுக்கிறோம், பதினொரு மாத ஒப்பந்தம் போடலாம் என்று முடிவு. தை பிறந்த பிறகு போகிறோம். வாடகையை மகள் அனுப்புவதாகச் சொன்னாள். எனக்கு விருப்பமில்லை, மனைவிக்கு விருப்பம், அதனால் சரி. விசாவுக்காக வந்து போகும் நேரத்தில் இங்கே எங்கள் வேலைகளையும் பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளவத்தை வீட்டை விற்கவில்லை, லூயிஷம் தம்பி மன்னிக்கவும். பூட்டி வைத்தால் கடல் காற்று ஜன்னல் கம்பியைத் தின்றுவிடும். வாடகைக்கு விட்டால் எழும்ப மாட்டார்கள் என்று எல்லாரும் பயமுறுத்துகிறார்கள். புதுக்கடை தம்பி, இதற்கு என்ன வழி?

புதுக்கடை

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னிலையில் எழுத வேண்டும், கடையில் வாங்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டு முடிக்காதீர்கள். நொத்தாரிசு உறுதிப்படுத்திய குத்தகை கையில் இருந்தால், காலம் முடிந்தும் எழும்பாதவரிடம் இருந்து வீட்டை மீட்க 2023 இன் 1 ஆம் இலக்கச் சட்டத்தில் சுருக்க நடைமுறை இருக்கிறது. பழைய முறையில் வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் அலைவதைவிட எவ்வளவோ மேல். முடிவு தேதியைத் தெளிவாகப் போடுங்கள், "புதுப்பிக்கலாம்" என்று பொதுவாக எழுத விடாதீர்கள்.

அற்றோணித் தத்துவம் (உங்களுக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) ஒன்று உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுத்துவிட்டுப் போங்கள், ஆனால் வாடகைக்கு விடவும் வழக்குப் போடவும் மட்டும். விற்கும் அதிகாரத்தைச் சேர்க்க வேண்டாம். இருவரும் மரணசாசனத்தையும் (உயில்) போகும் முன் எழுதிவிடுங்கள்.

அலைக்கரை

எல்லாம் எழுதிக்கொண்டேன். ஒரு அறையைப் பூட்டி எங்கள் சாமான்களை வைத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் குத்தகைக்கு விடலாமா?

புதுக்கடை

விடலாம். எந்த அறை என்று குத்தகையில் குறிப்பிட வேண்டும், திறப்பு (சாவி) உங்கள் ஆளிடம் இருக்க வேண்டும். கொடுக்கும் அன்று தண்ணீர், மின்சார மீட்டர் வாசிப்பை எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள், தொலைபேசியில் படமும் எடுங்கள். கார்த்திகைக்கு முன் வந்தால் நல்லது, மார்கழி கடைசியில் கந்தோர் பூட்டிவிடும்.